ஒரு வரிக்கு இரண்டு விரல்

நியூ கானான் ஆலயத்தில் எந்தப் பாட்டின் மூன்றாவது சரணத்தைப் பாடினாலும் தரைப் பலகைகளின் இடுக்கில் ஆற்றுத் தண்ணீர் ஏறும். ஒரு வரிக்கு இரண்டு விரல் உயரம், நான்கு வரிச் சரணத்துக்கு எட்டு விரல். ஆலயம் இருக்கிற டாலிவர் வளைவு என்கிற சிற்றூரில் பருத்தி விலையைப் போல இதுவும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், யாரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதில்லை. போதகர் பாட்டு எண்ணைச் சொல்லி, "ஒண்ணு, ரெண்டு, கடைசி" என்பார். சபை எழுந்து நின்று முதல் சரணம், இரண்டாம் சரணம், கடைசிச் சரணம் பாடிவிட்டு உட்காரும். மிசிசிப்பி டெல்டாவில் இருக்கிற பாப்டிஸ்ட் சபைகள் பலவும் மூன்றாவதைத் தாண்டித்தான் போகும். அவர்களுக்கு வீட்டில் கோழி வறுவல் ஆறிப்போகிற கவலை. இங்கே காரணம் வேறு. மூன்றே சரணம் உள்ள பாட்டுகளின் பக்கங்களை நியூ கானான்காரர்கள் மாவுப் பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். டாலிவர் வளைவில் பிறந்த பிள்ளைகள் ஒன்று, இரண்டு, நான்கு என்றுதான் எண்ணுவார்கள். மூன்று என்று ஒன்று இருப்பதைப் பள்ளிக்கூடம் போய்த்தான் தெரிந்துகொள்வார்கள். முன்னொரு காலத்தில் சிகாகோவிலிருந்து வந்த சுவிசேஷகர் ஒருவர், கர்த்தருக்கு அரைகுறையாகப் பாடுவதா என்று அதட்டி எல்லாச் சரணமும் பாட வைத்தார். மூன்றாவதின் மூன்றாம் வரியில் தண்ணீர் அவருடைய பாலிஷ் போட்ட ஷூவுக்குள் புகுந்தது. பிரசங்க பீடத்தின் நாற்காலியில் ஏறி நின்றவர் இறங்கவே மாட்டேன் என்றார். தண்ணீரைக் கூட்டி வெளியேற்ற இரண்டு நாள் ஆனது. பியானோவுக்கு அடியில் கிடைத்த கெளுத்தி மீன் ஆறு பவுண்டு இருந்தது, போதகர் வீட்டில் பொரித்துச் சாப்பிட்டார்கள்.

இந்த ஆலயத்தின் பாட்டுப் பொறுப்பு வெர்லீன் டப்ஸிடம் இருந்தது. ஐம்பத்தெட்டு வயது. வார நாட்களில் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினாள், ஞாயிற்றுக்கிழமை ஆர்கன் வாசித்தாள், ஒன்பது பேர் கொண்ட பாடகர் குழுவை முப்பத்தொரு வருடமாக ஒரு டாலர் சம்பளமில்லாமல் மேய்த்தாள். குழுவின் சராசரி வயது எழுபத்தொன்று. அந்தக் கோடையில் ஆர்கனின் மூச்சு நின்றது. அதே மாதம் கூரைத் தகரம் பெயர்ந்து, சரியாகப் பாடகர் மேடைக்கு மேலே, மழை உள்ளே விழ ஆரம்பித்தது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்றால், பாட்டில்லாத சபை அடுத்த ஊர் வேனிலே. கோர்ட் இருக்கிற ஊரிலிருந்து பெரிய சபை ஒன்று ஞாயிறுதோறும் குளிர்சாதன வேன் அனுப்பி ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அங்கே நூற்றிருபது பேர் பாடினார்கள், டிரம்ஸ் இருந்தது, காபி இலவசம். பாஸ்டர் ஆம்ஸி கிரௌடர் நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். ஈஸ்டருக்குள் பாட்டை நிமிர்த்த வழி பிறக்காவிட்டால் கதவைச் சாத்திச் சாவியை பாப்டிஸ்ட் சங்கத்திடம் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று வெர்லீனிடம் சொல்லிவிட்டார். அந்த வேனில் ஏறி நூற்றிருபத்தொன்றாவது ஆளாகப் பின்வரிசையில் நிற்க அவள் தயாராக இல்லை.

ஆகவே அவள் மானியம் தேடினாள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மதியம் மறுபடி ஏற்றும்வரை, காலிப் பஸ்ஸின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டியரிங் மேல் அட்டையை வைத்து விண்ணப்பங்கள் எழுதினாள். ஒரு அறக்கட்டளை மதத்துக்குக் கொடுப்பதில்லை என்றது. இன்னொன்று மதத்துக்குக் கொடுக்கும், பாட்டுக்குக் கொடுக்காது. மூன்றாவது ஒன்று, பாட்டுக்கும் கொடுக்கும், ஆனால் பாடுகிறவர்கள் இருபத்தைந்து வயதுக்குள் இருக்கவேண்டும் என்றது. உங்கள் குழுவின் ஐந்தாண்டு வளர்ச்சித் திட்டம் என்ன என்று கேட்ட நான்காவதுக்கு, 'ஒருவரும் சாகாமல் இருப்பது' என்று எழுதி அனுப்பினாள். உண்மையைத்தான் எழுதினாள், பதில் வரவில்லை. பதினொரு மறுப்புக் கடிதங்களையும் பஸ்ஸின் முதலுதவிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருந்தாள்.

பன்னிரண்டாவது, வடக்கே ஒரு பெரிய நகரத்தில் இருந்த பொமராய் குடும்ப அறக்கட்டளை. பழைய ஆராதனைப் பாட்டுகளைப் பாதுகாப்பது அவர்களுடைய நோக்கம். படிவத்தின் நான்காம் பக்கத்தில் ஒரு கேள்வி: பாடல்கள் முழுமையாகப் பாடப்படுகின்றனவா? வெர்லீன் ஒரு நொடிகூட யோசிக்காமல் ஆம் என்று குறியிட்டாள். பிறந்ததிலிருந்து ஒன்று, இரண்டு, கடைசி பாடி வளர்ந்தவளுக்குப் பாட்டு என்றால் அதுதான் முழுசு. பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை.

ஆறு வாரத்தில் கடிதம் வந்தது. நாற்பதாயிரம் டாலர், பாதி உடனே, மீதி வேலை முடிந்தபின். பாஸ்டர் கிரௌடர் பீடத்தில் நின்று அழுதார். புதுத் தகரம் ஏறியது. டென்னஸ்ஸியிலிருந்து ஒருவர் வந்து ஆர்கனின் குடலை வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி உள்ளே வைத்தார். வேனில் போனவர்களில் நாலு பேர் ஒன்றும் நடக்காத மாதிரி திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தார்கள். எல்லாம் முடிந்து, பணம் தீர்ந்த பிறகுதான் வெர்லீன் ஒப்பந்தத்தின் ஏழாம் நிபந்தனையைப் படித்தாள். பன்னிரண்டு பாட்டுகள், எல்லாச் சரணங்களும், அந்த ஆலயத்துக்குள்ளேயே, ஒரே நாளில், முழுக் குழுவும் பாட, அறக்கட்டளையின் ஆட்கள் வந்து பதிவு செய்வார்கள். பதிவு முன்னூறு நூலகங்களுக்கு அனுப்பப்படும். பாட்டுகளின் பட்டியலை அவர்களே இணைத்திருந்தார்கள். பன்னிரண்டாவதாக இருந்தது இருநூற்றுப் பதினான்காம் எண் பாட்டு.

அவள் அறக்கட்டளைக்குப் போன் செய்தாள். பேசியவர் மிஸ் கெரிட்ஸன், மானியங்களைக் கவனிக்கிற அதிகாரி, குரலிலேயே நல்ல பெண் என்று தெரிந்தது. மூன்றாவது சரணங்களை மட்டும் விட்டுவிடலாமா என்று வெர்லீன் கேட்டதற்கு, விட்டுப்போன சரணங்களுக்காகத்தான் நிர்வாகக் குழு இந்தத் திட்டத்தையே எடுத்தது என்றார்.

"மூணாவதுல ஏதாவது சிக்கலா, மிஸ் டப்ஸ்?"

"கொஞ்சம் ஈரம் வரும், மேடம்."

பரவாயில்லை, பதிவு செய்கிறவர் பிளாஸ்டிக் உறை கொண்டுவருவார் என்று மிஸ் கெரிட்ஸன் தைரியம் சொன்னார்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். டாலிவர் வளைவில் ஆழம் எல்லோருக்கும் விரல்கணக்கில் தெரியும். அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு சபை கூடியபோது வெர்லீன் கரும்பலகையில் கணக்குப் போட்டாள். பன்னிரண்டு எட்டு தொண்ணூற்றாறு விரல், அதாவது ஆறு அடி. பாடகர் மேடை தரையிலிருந்து இரண்டடி உயரம். மீதி நான்கடி. குழுவில் மிகவும் குள்ளமான சிஸ்டருக்கு அது கழுத்து வரும். சாக்குத் துணியால் அவள் பலகையைத் துடைத்துவிட்டு, தன் அவசரப் புத்திதான் இதற்குக் காரணம் என்றும், இரவெல்லாம் தூங்கவில்லை என்றும், சபை வேண்டாம் என்றால் தன் வீட்டை விற்றாவது வாங்கினதைத் திருப்பிவிடுவதாகவும் சொன்னாள். உன் வீட்டை விற்றால் ஆர்கனின் ஒரு பெடல்கூட வராது என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். சிரிப்பு எழுந்து உடனே அடங்கியது. பாஸ்டர் இருநூற்றுப் பதினான்கைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். எல்லோருமே அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

பெரிய வெள்ளம் வந்த வருடம், ஆற்றின் மண்கரை இளகியபோது, தோட்ட முதலாளிகளின் ஆட்கள் துப்பாக்கியோடு வந்து டாலிவர் வளைவின் கறுப்பு ஆண்களைக் கரைமேல் ஏற்றினார்கள். மூன்று நாள் தூங்கவிடாமல் மணல் மூட்டை அடுக்க வைத்தார்கள். கோர்ட் இருக்கிற ஊர் நனையாமல் இருக்கவேண்டும் என்பதுதான் உத்தரவு. நான்காம் நாள் காலை கரைமேலிருந்த ஆண்கள் இருநூற்றுப் பதினான்கை எடுத்தார்கள், சரிவில் நின்ற பெண்கள் பதில் பாடினார்கள். மூன்றாவது சரணத்தின் மூன்றாவது வரியில் கரை திறந்தது. பதினேழு பேர் வாயில் பாட்டோடு போனார்கள். ஓர் உடல்கூடக் கிடைக்கவில்லை. மாவட்டப் பதிவேட்டில் அந்த வருடம் இறந்த கோவேறு கழுதைகளின் எண்ணிக்கை இருக்கிறது, அந்தப் பதினேழு பேர் இல்லை. வெள்ளம் வடிந்த முதல் ஞாயிறே பெண்கள் மூன்றாவதைத் தாண்டிப் பாடினார்கள். நாக்கு அந்த இடத்துக்குப் போகவில்லை. பாடாமல் விட்டது ஆலயத்துக்கு அடியிலேயே தங்கிவிட்டது என்று சொல்வார்கள்.

மதர் தியோலா ஸ்பைவி கைத்தடியால் தரையைத் தட்டினார். எண்பத்தேழு வயது, சபைக்கே மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் மதர், சக்கர நாற்காலி, குழுவின் மூத்த குரல். கரை உடைந்த நான்காம் மாதம் பிறந்தவர். அவருடைய அப்பா லெமுவேல் ஸ்பைவி அந்தப் பதினேழில் ஒருவர்.

"எங்கப்பா அந்த மூணாவது சரணத்துக்குள்ளதான் நிக்கிறாரு," என்றார். "எண்பத்தேழு வருஷமா நாம அவரத் தாண்டித் தாண்டிப் பாடிட்டுப் போறோம். எனக்குக் கழுத்து வரைக்கும் வந்தாலும் சரி."

யாரும் கை தூக்கச் சொல்லவில்லை. எல்லோரும் தூக்கினார்கள், வெர்லீனைத் தவிர. அவளுக்குப் பயமாக இருந்தது. ஒன்பது பேரின் உயிரை ஒரு சதுரக் கட்டத்தில் குறியிட்டுக் கொடுத்தவள் தான் என்ற பயம். கடைசியில் அவளும் தூக்கினாள்.

பிறகு வேலை தொடங்கியது. டீக்கன் ஹோசியா மெகீ தச்சர், குழுவின் ஒரே கட்டைக் குரல். ஆலயத்தின் தரையில் முழத்துக்கு ஒன்றாக ஓட்டை போட்டார். பாஸ்டர் கவலையோடு குனிந்து பார்த்து, இதன் வழியாக இன்னும் அதிகமாக வந்துவிடாதா என்று கேட்டார்.

"வர்றதுக்கு அது எப்பவும் ஓட்டை கேட்டதில்ல, பாஸ்டர். போறதுக்குத்தான் வேணும்," என்றார் ஹோசியா.

ஆர்கனைக் கப்பி போட்டு உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கவிட்டார்கள், வெர்லீனுக்கு உயரமான முக்காலி ஒன்று செய்தார்கள். பாட்டுப் புத்தகங்கள் பாஸ்டர் வீட்டுப் பரணுக்குப் போயின. குழுவினர் அங்கிக்குள் போட்டுக்கொள்ள மார்புவரை வருகிற மீன்பிடிக் கால்சட்டை வாங்கினார்கள். ஒன்பது வாங்கியதால் கடைக்காரர் பத்து சதவீதம் குறைத்தார். மதர் தியோலாவின் நாற்காலியை மேஜைமேல் ஏற்றிக் கயிற்றால் கட்டினார்கள். மார்ச் மாதம் மூன்றாம் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மிஸ் கெரிட்ஸனும் பதிவு செய்கிறவரும் வந்தார்கள். அவர்களுக்கும் ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள். மரியாதையாக வாங்கிப் போட்டுக்கொண்டார்கள், ஏன் என்று கேட்கவில்லை. வடக்கத்திக்காரர்கள் அந்தமட்டில் நல்ல வளர்ப்பு.

முதல் பாட்டின் மூன்றாவது சரணத்தில் தண்ணீர் எட்டு விரல் ஏறியது. மார்ச் மாதக் குளிருக்குப் பொருந்தாத வெதுவெதுப்பு, நிறம் மட்டும் ஆற்றின் பழுப்பு. பதிவு செய்கிறவர் கம்பிகளைப் பெஞ்சின்மேல் எடுத்துப் போட்டுவிட்டு மேலே பாடலாம் என்று கைகாட்டினார். நான்காம் பாட்டில் சாக்கு நார்கள் மிதந்து வந்தன. ஐந்தாம் பாட்டில் ஒரு தொப்பி. வைக்கோல் தொப்பி, உள்பட்டையில் வேர்வைக் கறை. அது ஒரு சுற்று சுற்றிப் பீடத்தின் பக்கம் போய் நின்றது. பத்தாம் பாட்டு முடிந்தபோது பதினேழு தொப்பிகள் இருந்தன. வெர்லீன் எண்ணக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினாள். பதிவு செய்கிறவர் கருவியைத் தலைக்குமேல் தூக்கிக்கொள்ள, வெளியிலிருந்து வந்த இருவரும் பெஞ்சுகளின் மேல் ஏறி நின்றார்கள். பதினோராம் பாட்டில் ஹோசியா மெகீ இருமல் வந்து நிறுத்தினார். அவர் பாடிய கட்டைக் குரல் நிற்கவில்லை. அது தண்ணீருக்கு அடியிலிருந்து, பலகைகளை அதிரவைத்துக்கொண்டு, தன்பாட்டில் போனது. குழுவில் யாரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

இருநூற்றுப் பதினான்குக்கு முன்னால் பாஸ்டர் கிரௌடர் பீடத்தின்மேல் மார்பளவு நீரில் நின்று, போதும் என்று கையை அசைத்தார். வெர்லீன் மதர் தியோலாவைப் பார்த்தாள். மேஜைமேல், நாற்காலியில், அவருக்கு நீர் மடிவரை வந்திருந்தது. வாய் ஏற்கெனவே முதல் வார்த்தைக்குத் திறந்திருந்தது. வெர்லீன் ஆர்கனில் விரல் வைத்தாள். முதல் சரணம் போனது, இரண்டாவது போனது. மூன்றாவதின் மூன்றாம் வரியில் ஹோசியா திறந்து கட்டி வைத்தும் அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீரை வெளியே விடாத கதவுகள் இரண்டும் தாமாகவே சாத்திக்கொண்டன. அந்த ஒரு வரிக்கு ஆற்றுக்கு விரல்கணக்கு மறந்துபோனது. நீர் ஒரே மூச்சில் ஓரடி ஏறியது. தலைக்குமேல் போனபின் சாண் என்ன முழம் என்ன. இரண்டு சிஸ்டர்கள் மோவாயைத் தூக்கிக்கொண்டு பாடினார்கள். வெர்லீனின் வாழ்நாளில் யாரும் நான்காவது வரியைக் கேட்டதில்லை, அது எப்படிப் போகும் என்று அவளுக்கு உறுதியாகத் தெரியவில்லை. நிறுத்திவிட்டால் பாட்டு அன்று கரையில் நின்ற அதே இடத்தில் நின்றுவிடும் என்பது மட்டும் தெரிந்தது. ஆகவே அவள் நிறுத்தவில்லை. நான்காவது வரியை எடுத்தாள். கட்டைக் குரல்கள் அவளுக்கு முன்னாலேயே அங்கே காத்திருந்து பாட்டைக் கொண்டுபோயின. வரி முடிந்ததும் தண்ணீர் ஏறுவது நின்றது. பெஞ்சுகளின்மேல் பதினேழு ஆண்கள், தோள்வரை நீரில், கடைசிச் சரணத்தைப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

கட்டைக் குரல் வரிசை அபாரம் என்று மிஸ் கெரிட்ஸன் தன் நோட்டில் எழுதினார். பிறகு பென்சிலைக் கீழே விட்டுவிட்டார், எடுக்க முடியவில்லை.

ஹோசியாவின் ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் மாலைக்குள் இறங்கிவிட்டது. ஆண்கள் இறங்கவில்லை. தொப்பிகளைப் பொறுக்கி முழங்கால்மேல் வைத்துக்கொண்டு கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவர்களில் இருபத்துநாலு வயதுக்காரர் ஒருவருக்குப் பக்கத்தில் மதர் தியோலாவின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தினார்கள். வயதில் பெரியவர்களிடம் எழுந்து நின்று பேச அவரைப் பழக்கியிருந்தார்கள்; எழுந்து நின்றார்.

"அம்மா, கரை நிக்குதுங்களா?"

"இல்லப்பா. அன்னைக்கே போயிருச்சு," என்றார் தியோலா. "நான் லோட்டியோட பொண்ணு. அந்த ஆகஸ்ட்ல பொறந்தேன்."

லெமுவேல் ஸ்பைவி குனிந்து அவருடைய முகத்தைப் பார்த்தார். தன் தொப்பியை எடுத்து, நீரை உதறிவிட்டு, மகளின் வெள்ளை முடிமேல் வைத்தார். வெர்லீன் ஆர்கனுக்குப் பின்னால் போய் நின்று வாய்விட்டு அழுதாள்.

அதன்பின் அவர்கள் ஒவ்வொரு ஞாயிறும் பாடினார்கள். உடை ஒருபோதும் காயவில்லை. உட்கார்ந்த இடத்தில் துண்டு விரித்தார்கள். சாப்பிடவில்லை, தூங்கவில்லை, வீடு எங்கே என்று கேட்கவில்லை. வேனில் போனவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள், கோர்ட் ஊர்ச் சபையின் வேன் காலியாகவே வந்து காலியாகவே போனது. வெர்லீன் இறுதி அறிக்கையை பஸ்ஸில் உட்கார்ந்து எழுதினாள். பாடியவர்களின் முழுப்பெயர் கேட்டிருந்தார்கள். ஒன்பது பெயர் எழுதினாள், பிறகு கடைசிப் பெஞ்சில் ஒவ்வொருவராகக் கேட்டு வாங்கிய பதினேழையும் எழுதினாள். அந்தப் பெயர்கள் ஒரு தாளில் ஏறியது அதுவே முதல் தடவை. மீதிப் பணம் தாமதமில்லாமல் வந்தது.

ஏப்ரல் நடுவில், யாரும் சொல்லாமலே, அந்தப் பதினேழு பேரும் மணல் மூட்டை அடுக்கத் தொடங்கினார்கள். ஆற்றங்கரையில் இல்லை. ஆலயத்தைச் சுற்றி, பிறகு டாலிவர் வளைவின் நாற்பத்திரண்டு வீடுகளைச் சுற்றி, இடுப்புயரம், பின்பு ஆளுயரம். ஆறு அப்போது அடங்கித்தான் கிடந்தது, வானிலைக்காரர்களும் ஒன்றும் சொல்லவில்லை. ஹோசியா போய், கோர்ட் ஊர்ப் பக்கம் ஏன் வைக்கவில்லை என்று கேட்டார். லெமுவேல் ஸ்பைவி மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"இந்தத் தடவ நம்ம வீடுங்களுக்கு மட்டும்தாங்க."

ஹோசியா அதை வெர்லீனிடம் சொன்னார். அன்றைக்கே பொமராய் அறக்கட்டளையிலிருந்து தகவல் வந்திருந்தது. பதிவுகள் முன்னூறு நூலகங்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன, கோர்ட் ஊர் நூலகத்தில் மே மாதம் பத்தாம் தேதி மாவட்டத்துப் பெரிய மனிதர்கள் முன்னிலையில் பன்னிரண்டு பாட்டும் முழுமையாக ஒலிக்கும். அறக்கட்டளையின் சொந்த அலுவலகம் பதினான்காம் மாடியில் இருந்தது. அங்கே முதல் பாட்டைப் போட்டுக் கேட்டபோது கம்பளத்தின்மேல் எட்டு விரல் தண்ணீர் நின்றதாகவும், குழாய்க்காரரால் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை என்றும், பாட்டு மட்டும் மிகவும் உருக்கம் என்றும் மிஸ் கெரிட்ஸன் எழுதியிருந்தார். நீங்கள் ஈரம் என்று சொன்னது இதுதானா என்று கேட்டிருந்தார். பத்தாம் தேதி நிகழ்ச்சியை நிறுத்திவிடவா என்றும் கேட்டிருந்தார்.

வெர்லீன் அந்தக் கடிதத்தை இரண்டு நாள் முதலுதவிப் பெட்டியில் வைத்திருந்தாள், நிறுத்துங்கள் என்று எழுதவில்லை. கோர்ட் ஊரிலும் அவளுடைய பஸ்ஸில் ஏறுகிற பிள்ளைகள் இருந்தார்கள். பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் போய், பத்தாம் தேதி ஆலயத்தில் சாப்பாடு, எல்லோரும் வாருங்கள், வெள்ளைக்காரர் கறுப்பர் யாரானாலும் வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். சிலர் வருவதாகச் சொன்னார்கள். பலர் தங்களுக்கு நூலகத்தில் அழைப்பு இருப்பதாகச் சொன்னார்கள். கடைகளில் ரப்பர் பூட்ஸ் ஜோடி இருபத்திரண்டு டாலருக்கு விற்றது, எட்டாம் தேதி இருபத்தெட்டு, ஒன்பதாம் தேதி கிடைக்கவில்லை.

பத்தாம் தேதி சனிக்கிழமை. மூட்டைச் சுவருக்கு உள்ளே பெண்கள் கோழி வறுத்தார்கள், ஆண்கள் பதினேழு பேரும் சுவரின் மேலே நின்று வடக்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேஜை ஓரத்தில் வெர்லீன் மிஸ் கெரிட்ஸனின் கடிதத்தோடு வந்திருந்த படிவத்தை நிரப்பினாள். மானியத்தை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டிக்க அறக்கட்டளை சம்மதித்திருந்தது. நான்காம் பக்கத்தில் அதே கேள்வி இருந்தது. பாடல்கள் முழுமையாகப் பாடப்படுகின்றனவா? கோர்ட் ஊர் நூலகத்தின் ஒலிபெருக்கியிலிருந்து, பதினோரு பாட்டும் நிற்காமல் போன பிறகு, காற்றில் இருநூற்றுப் பதினான்கின் இரண்டாவது சரணம் மெல்லக் கேட்டது. அவள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அது முடியும்வரை காத்திருந்தாள். மூன்றாவது தொடங்கியதும், இந்தத் தடவை நன்றாக யோசித்து, ஆம் என்று குறியிட்டாள்.